பண்டிகைக்காகக் கடல் கடத்தல் தகுமா?

பண்டிகை நெருங்குந்தோறும் நம் இல்லங்கள் பலவற்றில் ஒரு வினா எழுகின்றது. இவ்வாண்டு வீட்டிலேயே விளக்கேற்றுவதா, அன்றிக் குடும்பத்தோடு புறப்பட்டுக் கடலுக்கு அப்பாலுள்ள உறவினரோடு கூடிக் கொண்டாடுவதா என்பதே அவ்வினா. அலுவிகாரையிலும் மாத்தளையிலும் வாழும் தமிழருட் பலருக்கு நீலகிரியிலும் திருச்சிராப்பள்ளிப் பக்கத்திலும் இரத்த உறவினர் உளர். வடக்கிலும் கிழக்கிலுமுள்ளோர்க்கு இலண்டனிலும் கனடாவிலும் பிள்ளைகள் உளர். ஆதலின் இவ்வினாவை ஏழையரும் கேட்கின்றனர்; செல்வரும் கேட்கின்றனர். பிள்ளைக்கு இரண்டு வாரம் விடுப்பு வேண்டுமெனப் பெற்றோர் எழுதும் கடிதங்கள் பாடசாலை அதிபர்களின் மேசைக்கு வரும்போது, இவ்வினாவுக்கு விடை கூறும் பொறுப்பிற் சிறு பங்கு எங்கட்கும் வந்து சேர்கின்றது.

இவ்வினாவை மிக நெடுங்காலம் ஆராய்ந்த மக்கள் யூதர் ஆவர். பண்டிகைக்குப் பயணம் செய்தே தீரவேண்டுமென்று ஒரு காலத்தில் அவர்களுடைய சட்டம் விதித்தது. பின்னர்ப் பயணமே இயலாத நிலை வந்தது. இன்றோ, விரும்பிய நாட்டுக்குச் சென்று பண்டிகையைக் கொண்டாடும் வசதி அவர்களிற் பலருக்கு உண்டு. இம்மூன்று நிலைகளையும் கண்ட மக்கள் கற்றுக்கொண்டதை நாமும் சற்று நோக்குவோம். யூதர் நமக்கு முற்றிலும் அயலார் அல்லர். புசல்லாவையிலுள்ள ரொத்சைல்ட் தோட்டத்தின் பெயரை மலையகத்தார் அறிவர். 1840களில் அங்கே பயிர்த்தொழில் தொடங்கிய டி வொர்ம்ஸ் சகோதரர், ரொத்சைல்ட் என்னும் புகழ்பெற்ற யூதக் குடும்பத்தின் உறவினர். கடலுக்கு அப்பால் கொச்சி மட்டாஞ்சேரியில் 1568 ஆம் ஆண்டிற் கட்டப்பட்ட யூதத் தொழுகைக்கூடம் இன்றும் நிலைத்துள்ளது.

யூதர் பண்டிகைகளுள் தலையாயது பாஸ்கா. எகிப்து நாட்டில் அடிமைகளாயிருந்த தம் முன்னோர் விடுதலை பெற்று வெளியேறியதை நினைவுகூரும் திருநாள் அது. நீசான் என்னும் மாதத்தின் பதினைந்தாம் நாளில், முழுநிலவை ஒட்டி, நமது பங்குனி சித்திரைக் காலத்தில் அது வரும். இஸ்ரேல் நாட்டில் ஏழு நாளும் பிற நாடுகளில் எட்டு நாளும் கொண்டாடுவர். அந்நாட்களிற் புளித்த மாவினால் ஆன எதனையும் உண்ணார். வீட்டில் வைத்திருக்கவும் மாட்டார். எகிப்தினின்று புறப்பட்ட முன்னோர்க்கு மாப் புளிக்கும்வரை காத்திருக்க நேரமில்லை. ஆகவே புளிப்பில்லாத அப்பமே பண்டிகை உணவாயிற்று. புறப்பாட்டினைக் கொண்டாடும் திருநாளாதலின், பயணம் அதன் பிறப்பிலேயே கலந்துள்ளது.

எருசலேமிற் கோயில் இருந்த காலத்தில், பாஸ்கா, வாரங்களின் பண்டிகை, கூடாரப் பண்டிகை ஆகிய மூன்றுக்கும் யூத ஆண்கள் ஆண்டுதோறும் அந்நகருக்குச் செல்லவேண்டும் என்பது விதி. பாஸ்கா ஆட்டினைக் கோயிலிற் பலியிட்டு அந்நகருக்குள்ளேயே உண்ணவேண்டும். ஓர் ஆட்டை உண்ணுதற்கு ஒரு கூட்டம் வேண்டும். விடியுமுன் எதுவும் எஞ்சலாகாது. குடும்பம் சிறிதாயின் அயல்வீட்டாரோடு சேர்ந்து ஓர் ஆட்டைப் பங்கிட்டுக்கொள்ளல் வேண்டும் என்றும் விதி இருந்தது. தனித்து உண்ணுதற்கு இடமளியாத பண்டிகை அது. வழிப்போக்கருக்கு வீடு தந்த எருசலேம் நகரத்தார் அதற்கு வாடகை பெறலாகாது என்பதும், விருந்தினர் பலியாட்டின் தோலை வீட்டுக்காரருக்கு அன்பளிப்பாக விட்டுச் செல்வர் என்பதும் அவர்களுடைய பழைய மரபு.

இப்பயணத்திற் குழந்தைகளை அழைத்துச் செல்லவேண்டுமா? பிள்ளைகளுக்கு அக்கடமை இல்லை என்பது சட்டம். எனின், எத்துணைச் சிறியவன் பிள்ளை எனப்படுவான் என்பதில் இரு சிந்தனைப் பள்ளிகள் மாறுபட்டன. தந்தையின் தோளில் அமர்ந்து கோயில் மலைக்கு ஏற இயலாத குழந்தைக்கே விலக்கு என்றது சம்மாய் பள்ளி. தந்தையின் கையைப் பற்றிக்கொண்டு தன் கால்களால் நடந்து ஏற இயலாத குழந்தைக்கு விலக்கு என்றது இல்லேல் பள்ளி. கி.பி. 200 அளவிற் தொகுக்கப்பெற்ற மிஷ்னா என்னும் சட்டத் தொகுப்பில் இவ்விரு கருத்துக்களும் இடம்பெற்றுள்ளன. ஆழ்ந்து நோக்கின், இங்கே இரண்டு கல்விக் கொள்கைகள் இருத்தலைக் காணலாம். தோளில் அமர்ந்த குழந்தை காட்சியைப் பார்க்கின்றது. கைப்பிடித்து நடக்கும் குழந்தையோ விழாவிற் பங்கு கொள்கின்றது. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் மாசி மகத்தன்று ஐந்து தேர்கள் வீதிக்கு வரும்போது தந்தையின் தோளிலமர்ந்த குழந்தைகளையும், வடத்திற் கை வைத்து நடக்கும் சிறுவரையும் ஒருங்கே காணலாம். அவ்விரு பருவத்தின் வேற்றுமையை இல்லேலும் சம்மாயும் அன்றே ஆராய்ந்தனர்.

கிறித்தவ நேயர்கள் இத்தொடர்பில் ஒரு நிகழ்ச்சியை நினைவுகூர்வர். இயேசுவின் பெற்றோர் ஆண்டுதோறும் பாஸ்காவுக்கு எருசலேம் செல்லும் வழக்கத்தினர் என்றும், அவருக்குப் பன்னிரண்டு வயதானபோது அவரையும் உடன் அழைத்துச் சென்றனர் என்றும் லூக்கா நற்செய்தி கூறுகின்றது. திரும்பும் வழியில், பிள்ளை உறவினர் கூட்டத்தோடு வருகின்றான் எனக் கருதி ஒருநாட் பயணம் சென்றபின்னரே அவரைக் காணாமை தெரிந்தது. மூன்றாம் நாளிற் கோயிலில், ஆசிரியர் நடுவே அமர்ந்து, அவர்கள் கூறுவதைக் கேட்டும் அவர்களை வினாவியும் இருந்த நிலையிற் கண்டனர். குடும்பத்தோடு பண்டிகைக்குச் செல்வதன் இடரும் பயனும் இந்நிகழ்ச்சியில் ஒருசேரத் தோன்றுகின்றன. பெருங்கூட்டத்திற் பிள்ளை தவறிப்போதல் இடர். அப்பிள்ளை கற்றோரை வினாவும் வாய்ப்புப் பெறுதல் பயன்.

கி.பி. 70 இல் உரோமர் எருசலேம் கோயிலை அழித்தனர். பண்டிகையின் நடுவிடமே மறைந்தது. பலி இல்லை; போகவேண்டிய கோயிலும் இல்லை. இத்தகைய அழிவுக்குப்பின் ஒரு பண்டிகை மறைந்தொழிதலே இயல்பு. பாஸ்கா மறையவில்லை. யூத அறிஞர் அதனைக் கோயிலினின்று வீட்டுக்கு மாற்றினர். பலிபீடத்தின் இடத்தை உணவு மேசை பெற்றது. குருவின் இடத்தைக் குடும்பத் தலைவர் பெற்றார். வழிநடையின் கதையை ஒரு சிறு நூலிற் காலப்போக்கில் அமைத்து, அதற்கு அகதா எனப் பெயரிட்டனர். கூறுதல், எடுத்துரைத்தல் என்பது அச்சொல்லின் பொருள். பாஸ்கா இரவில் அந்நூலை மேசையிற் பரப்பி, விடுதலைக் கதையை முறைப்படி எடுத்துரைப்பர்.

இவ்விடத்தில் எம்முடைய அலுவிகாரை நினைவுக்கு வருதல் இயல்பே. மாத்தளை நகரினின்று யாழ்ப்பாண வீதியில் வடக்கே மூன்று கிலோமீற்றர் அளவிற் பாறைகளுக்கிடையே அமைந்த இவ்விகாரையில், கி.மு. முதல் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் காலத்தில், பௌத்தத் திரிபிடகம் ஓலையில் எழுதப்பெற்றது என்பது மரபு. அதுவரை துறவிகள் அதனை நினைவிலேயே காத்து, வாய்வழியே மாணவர்க்கு ஓதுவித்து வந்தனர். போரும் பஞ்சமும் வந்தன. ஓதியவர் மடிந்தால் ஓதப்பட்டதும் மடியும் என்னும் அச்சம் பிறந்தது. ஆகவே எழுத்தாணியை எடுத்தனர். மனிதர் நினைவில் மட்டும் தங்கியிருந்த செல்வம், எங்கும் எடுத்துச் செல்லத்தக்க ஏடாயிற்று. 1848 ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியின்போது இவ்விகாரையும் அழிவுக்கு உள்ளாயிற்று. ஆயினும் எழுதப்பெற்ற நூல் பல நாடுகளிற் பரவியிருந்தமையால் அது அழியவில்லை. யூதர் செய்ததும் இதனை ஒத்ததே. இடத்தோடு கட்டுண்டிருந்த பண்டிகையை அவர்கள் நூலோடும் மேசையோடும் பிணைத்தனர். அதன்பின் எந்நாட்டில் மேசை இடினும் அந்நாட்டிற் பண்டிகை உண்டு.

பாஸ்கா இரவின் முறையில் யாவரினும் முதன்மை பெறுபவர் பிள்ளைகள். இவ்விரவில் உணவும் வழக்கமும் ஏன் மாறியுள்ளன என்று, வீட்டின் இளைய பிள்ளை பெரியோரை வினாவவேண்டும். அவ்வினாக்களுக்கு விடையாகவே கதை முழுதும் கூறப்படுகின்றது. பிள்ளை இல்லாத வீட்டில் மனைவி வினாவுவாள். தனியே இருப்பவன் தன்னைத் தானே வினாவிக்கொள்ளல் வேண்டும். வினா எழாமல் விடை கூறலாகாது என்னும் இம்முறையை ஆசிரியர்கள் போற்றாதிருக்க இயலாது. குழந்தைகள் உறங்கிவிடாமல் இருப்பதற்காக அப்பத்தின் ஒரு துண்டை ஒளித்து வைப்பர். கண்டெடுக்கும் பிள்ளைக்குப் பரிசு உண்டு. கசப்புக் கீரையை உண்பித்து அடிமை வாழ்வின் கசப்பை நாவினாலேயே உணரச் செய்வர். இவ்விரவின் இறுதியில், அடுத்த ஆண்டு எருசலேமில் இருப்போமாக என்னும் வேட்கையைக் கூறி முடிப்பர். வீட்டிலேயே கொண்டாடக் கற்றுக்கொண்ட பின்னரும் பயணத்தின் ஏக்கத்தை அவர்கள் கைவிடவில்லை.

இனி, வீட்டிற் கொண்டாடுவதன் உழைப்பினையும் நோக்கல் வேண்டும். புளித்த மாவின் துணுக்கும் எஞ்சாதவாறு வீடு முழுவதையும் துப்புரவு செய்தல் பாஸ்காவின் முதற்கடமை. பாஸ்காவுக்கெனத் தனிப் பாத்திரங்கள் வேண்டும். முதல்நாள் இரவில் விளக்கைக் கையிலேந்தி மூலை முடுக்கெல்லாம் தேடி, அகப்பட்டதை மறுநாள் எரிப்பர். கொச்சி யூதர் இதில் மிக்க கண்டிப்புடையவராயிருந்தனர். பல வாரங்களுக்கு முன்னரே வீட்டுக்கு வெள்ளையடித்து, கிணற்றை இறைத்து, பாஸ்காவுக்கான அரிசியை மணிமணியாகப் பொறுக்கி எடுத்து வைப்பது அவர்கள் வழக்கமாயிருந்தது. ஐரோப்பிய யூதரிற் பலர் அந்நாட்களில் அரிசியையும் விலக்குவர். கீழைநாட்டு யூதர் பலர் அரிசி உண்பர். இவ்வேலையின் பெரும்பகுதி பெண்கள் தோளிலேயே விழுந்தது. தைப்பொங்கலுக்கு முன் நம் வீடுகளிலும் நிகழ்வதை எண்ணிப் பார்ப்பின் இதன் சுமை நன்கு விளங்கும்.

இச்சுமையினின்று தப்பும் வழியாகவே பண்டிகைப் பயணம் புதுவடிவம் பெற்றது. இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் நியூயோர்க் நகருக்கு அண்மையிலுள்ள கட்ஸ்கில் மலைப்பகுதி விடுதிகள் பாஸ்காவுக்கென முழுமையாகத் தூய்மை செய்யப்பட்டுக் குடும்பங்களை வரவேற்றன. இன்று இத்தாலி, கிரேக்கம், ஸ்பெயின், தாய்லாந்து முதலிய நாடுகளிலும் அத்தகைய விடுதிகள் உள. குடும்பம் முழுவதும் பெட்டியுடன் சென்று இறங்கினாற் போதும். சமையலும் துப்புரவும் வழிபாடும் ஆயத்தமாயிருக்கும். தனியே திரியும் இளைஞருக்கும் வழி செய்துள்ளனர். நேபாளத்தில் மலையேறச் செல்லும் இஸ்ரேலிய இளைஞருக்காக, 1980களின் இறுதி தொட்டு, கத்மண்டு நகரிற் பெரும் பாஸ்கா விருந்து நடைபெற்று வருகின்றது.

இப்பயணங்கள் தகுவனவா என்பதில் அவர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. தகும் என்பார் கூறுவது யாது? மூன்று நாடுகளிற் சிதறிய பிள்ளைகளையும் முதிய பெற்றோரையும் ஒரு மேசையில் அமர்த்தச் சிறு வீட்டில் இடமில்லை. ஒரு பெண் தன் உடல் நலியப் பணிசெய்து, இறுதியிற் களைத்து உறங்குவதை விட, எல்லோரும் ஒக்க அமர்ந்து கதை கேட்பதே பண்டிகையின் நோக்கம் என்பர். தகாது என்பார் கூற்றும் வலியதே. துப்புரவே பண்டிகையின் முதற்பாடம். விளக்கேந்தித் தேடாத பிள்ளைக்குப் பாஸ்கா, பணம் கொடுத்துப் பெறும் பொருளாகிவிடும் என்பர். அவற்றின் செலவு பெரிது. செல்வர் சென்று கொண்டாட, உறவினருள் வறியவர் வீட்டில் தனித்திருத்தல் நேரும் என்றும் கூறுவர்.

இவ்விரு கட்சிகளுக்கும் நடுவே சட்டம் ஒரு நல்ல ஒழுங்கை அமைத்துள்ளது. பண்டிகையின் தொடக்க நாளிலும் இறுதி நாளிலும் வண்டியேறுதலும் தொழில் செய்தலும் கூடா; அந்நாட்கள் வீட்டுக்கும் வழிபாட்டுக்கும் உரியன. இடைநாட்களிற் குடும்பத்தோடு ஊர் காணச் செல்லலாம். ஆகவே பயணம் செய்வோரும், சென்ற இடத்தில் முதலிரவுக்குள் நிலைகொண்டு அமர்ந்துவிடுதல் வேண்டும். வழியிற் கழியும் பண்டிகை பண்டிகையாகாது என்பது இதன் கருத்து.

பயணத்தால் வரும் இன்னொரு சிக்கலையும் கூறுவேன். எருசலேமில் முதற்பிறை கண்டு மாதம் பிறந்ததை அறிவித்த காலத்தில், அச்செய்தி தொலைநாடுகளை உரிய காலத்தில் எட்டாது. நாள் எதுவென்னும் ஐயத்தால், பிற நாடுகளில் வாழ்ந்தோர் ஒரு நாளுக்கு இரண்டு நாளாகக் கொண்டாடினர். பின்னர்க் கணித நாட்காட்டி வந்தபோதும் முன்னோர் வழக்கத்தை விடவில்லை. ஆதலின், இன்று இஸ்ரேலிலிருந்து இலண்டன் செல்லும் மகனுக்கு ஒருநாட் பண்டிகை. அவனை வரவேற்கும் அண்ணனுக்கு இருநாட் பண்டிகை. வாக்கிய பஞ்சாங்கத்தையும் திருக்கணித பஞ்சாங்கத்தையும் கையாளும் நமக்கு இது வியப்பன்று. சென்ற வீட்டின் வழக்கத்தை வெளிப்பட மீறலாகாது, தன் வீட்டின் வழக்கத்தையும் மறத்தலாகாது என்பதே அவர்கள் கண்ட தீர்வு. விருந்தாளியாகச் செல்லும் எவர்க்கும் இது நல்ல அறிவுரையாகும்.

இனி நம்மவர் நிலைக்கு வருவோம். மலையகத் தமிழர்க்குக் கடல் கடத்தல் பழைய அனுபவம். காப்பிக் காலத்தில் அவர்களின் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையையும் மாத்தளையையும் நோக்கி நடந்தனர். வழியில் நோயாலும் பசியாலும் மடிந்தோர் பலர். 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அவர்தம் வழித்தோன்றல்கள் பெரும்பாலும் நாடற்றோர் ஆயினர். 1964 அக்டோபர் 30 இல் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தனர். 9,75,000 மக்களுள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதென்றும் வகுத்தனர். 1974 இல் அவ்வெஞ்சியோரையும் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. ஒப்பந்தமான ஆண்டின் டிசம்பரிலேயே கடும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்குமிடையே 1914 தொட்டு நிகழ்ந்த கப்பற் போக்குவரவு முடிவுற்றது. பின்னர் இராமேசுவரத்தினின்று இயங்கிய கப்பலும் 1980களின் போரோடு நின்றது.

அண்ணன் ஒரு நாட்டவனாகவும் தம்பி மற்றொரு நாட்டவனாகவும் ஆன குடும்பங்கள் எத்தனை! சென்றோர் கூடலூரிலும் கோத்தகிரியிலும் தேயிலை பறித்தனர். இருந்தோர் இங்கே தேயிலை பறித்தனர். நாடற்றோராய் இருந்தோர்க்குக் கடவுச்சீட்டு என்பது கனவே. 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே எஞ்சியிருந்தோர்க்கும் பிரஜாவுரிமை கிடைத்தது. ஆக, நம்மூர்க் குடும்பம் ஒன்று தீபாவளிக்கு நீலகிரிக்குச் செல்ல விரும்புமாயின், அதனை வீண் ஆடம்பரம் என ஒதுக்கல் ஆகாது. ஒரு தலைமுறை முழுவதும் மறுக்கப்பட்டிருந்த சந்திப்பு அது. இன்று கட்டுநாயக்காவினின்று திருச்சிராப்பள்ளிக்கும் சென்னைக்கும் வானூர்தி உண்டு. 2019 இல் யாழ்ப்பாண வானூர்தித் தளம் தமிழகத்துக்குத் திறந்தது. 2023 அக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசந்துறைக்குமிடையே கப்பற் சேவை தொடங்கியது. வழி திறந்தமையாலேயே, போகலாமா என்னும் வினாவும் மீண்டும் உயிர்பெற்றது.

எல்லாப் பண்டிகையும் பயணத்துக்கு ஒரே தன்மையில் இடந்தருவதில்லை. தீபாவளி வீட்டுப் பண்டிகை; பாஸ்காவைப் போல, எண்ணெயும் விளக்கும் பெரியோர் வாழ்த்தும் உள்ள எவ்வீட்டிலும் அதனைக் கொண்டாடலாம். தைப்பொங்கலோ முற்றத்தையும் புத்தரிசியையும் வேண்டும் பண்டிகை. மாடிவீட்டில் அது குறைபட்டே நிகழும். மாசி மகத் தேரும் நல்லூர்த் திருவிழாவும் அவ்வவ் ஊர்க்கே உரியன. அவற்றைக் காண வெளிநாட்டிலுள்ளோர்தாம் இங்கு வரல் வேண்டும். 1983 இல் மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் தீக்கிரையாகிப் பின்னர் மீண்டெழுந்தது. தன் பெற்றோர் கைவைத்து இழுத்த வடத்தைத் தானும் இழுக்க வரும் பிள்ளை, எந்த வகுப்பறையிலும் கிடையாத வரலாற்றைப் பெறுகின்றான். ஆகவே, வீட்டுப் பண்டிகைக்கு உறவினரிடம் செல்க. மண்ணின் பண்டிகையை இருந்த இடத்திற் கொண்டாடுக. கோயிற் பண்டிகைக்கு ஊர் திரும்புக என்பது பொதுவான நெறியாகும்.

புறப்படுமுன் சிலவற்றை ஆய்ந்து பார்த்தல் நன்று. முதலாவது, அக்கரையில் நம்மை எதிர்நோக்கி இருப்பவர் யார்? குடும்பக் கதையை அறிந்த பாட்டியோ பெரியப்பாவோ இருப்பாராயின், அப்பயணத்தைத் தள்ளிப்போடல் கூடாது. அலுவிகாரைத் துறவிகள் அஞ்சிய இழப்பு ஒவ்வொரு குடும்பத்துக்கும் உண்டு. எந்தத் தோட்டத்தில் எந்த லயத்தில் வாழ்ந்தோம், யார் யார் கப்பலேறினர், யார் திரும்பவில்லை என்னும் செய்திகளை எழுதி வைத்த குடும்பங்கள் சிலவே. கூறவல்லவர் மறைந்தபின் எத்தனை பணம் செலவிடினும் அவை கிட்டா. கடைகளையும் காட்சியிடங்களையும் காண்பதே நோக்கமாயின், அதற்குப் பண்டிகைக் காலம் பொருந்தாது. அக்காலத்தில் வானூர்திச் சீட்டின் விலை ஏறும்; எங்கும் நெரிசல் மிகும்.

இரண்டாவது, பிள்ளை அங்கே என்ன செய்யும்? மாமன் வீட்டில் விளக்கேற்றுதல், அத்தையோடு முறுக்குப் பிழிதல், பெரியோர் காலில் விழுந்து வாழ்த்துப் பெறுதல், ஒரு கதை கேட்டல் என அதற்கெனச் சில பணிகள் இருத்தல் வேண்டும். கைப்பேசியிற் படம் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நிற்கும் பிள்ளை, தோளில் அமர்ந்த குழந்தையைப் போன்றதே. புறப்படுமுன் உறவினரிடம் கேட்பதற்கு நான்கு வினாக்களைப் பிள்ளையையே எழுதச் செய்க. விடைகளையும் அதுவே எழுதி வருமாயின், இரண்டு வாரம் தவறிய பாடத்துக்கு அது ஈடாகும். ஆயினும், புலமைப்பரிசில் பரீட்சைக்கோ சாதாரண தரப் பரீட்சைக்கோ ஆயத்தமாகும் ஆண்டில் தவணை நடுவிற் பிள்ளையை அழைத்துச் செல்லுதல் தகாது. தீபாவளி அவ்வாண்டோடு முடிந்துவிடுவதில்லை. டிசம்பர் விடுமுறையிற் சென்றாலும் பாட்டி வாழ்த்தவே செய்வார்.

மூன்றாவது, வீட்டில் விடப்படுவோர் யார்? நடக்க இயலாத முதியவரைத் தனியே விட்டு, ஏனையோர் சென்று கொண்டாடும் பண்டிகையிற் பெருங்குறை உண்டு. தனித்து உண்ணுதற்கு இடமளியாத பாஸ்கா ஆட்டின் விதியை இங்கே நினைத்துக்கொள்ளலாம். அத்தகைய வீட்டினர், தாம் செல்வதினும் அக்கரையிலுள்ளோர் ஒருவரை இங்கு வரவழைத்தல் சிறப்பு. ஐவர் செல்லும் செலவில் இருவர் வந்து போகலாம்.

நான்காவது, பணம் எவ்வாறு வருகின்றது? கடவுச்சீட்டு, நுழைவு அனுமதி, வானூர்திச் சீட்டு, உறவினர்க்கான புடைவை, பரிசுப் பொருள் எனச் செலவு அடுக்கடுக்காக வரும். உறவினரிடம் வெறுங்கையோடு செல்லலாகாது என்னும் மானம், நகையை அடகு வைக்கத் தூண்டும். வட்டி கட்டும் மாதங்களில் பண்டிகையின் இனிமை கசப்பாகும். எருசலேம் நகரத்தார் வாடகை பெறாததும், விருந்தினர் ஆட்டுத்தோலொன்றை மட்டும் விட்டுச் சென்றதும் இதற்கு நல்வழி காட்டுகின்றன. வரவேற்போர் எதனையும் எதிர்பாராதிருப்பதும், செல்வோர் தம்மிடம் உள்ளதில் ஒன்றை அன்போடு கொடுப்பதும் போதும். ஆண்டுதோறும் கடன்பட்டுச் செல்வதிலும், நான்கைந்து ஆண்டு சேமித்து ஒருமுறை நிறைவாகச் செல்வதே மேல்.

பயணம் இயலாதோர் வருந்தவேண்டுவதில்லை. கோயிலை இழந்த யூதர், கதையையும் வினாவையும் காத்துப் பண்டிகையைக் காத்தனர். நம் வீட்டிலும் தீபாவளி இரவில் ஒருமணி நேரம் தொலைக்காட்சியை நிறுத்தி, கடலுக்கு அப்பாலுள்ள உறவினர் ஒவ்வொருவர் பெயரையும் கூறி, அவர் எவ்வாறு பிரிந்தார் என்பதைப் பிள்ளைகளுக்கு உரைத்தல் அரிதன்று. தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசும் வசதியும் இன்று உண்டு. வெறும் நலம் விசாரிப்போடு அப்பேச்சு முடிந்துவிடாமல், பிள்ளை வினாவ, அக்கரைப் பெரியவர் விடை கூறுமாறு அதனை அமைத்துக்கொள்க. செல்லும் குடும்பமும் இருக்கும் குடும்பமும் இவ்வொன்றிற் சமமே.

நேயர்களே, பண்டிகைக்காகக் கடல் கடத்தல் தகுமா என்னும் வினாவுக்கு என் விடை இது. மனிதரைக் காணச் செல்வதாயின் தகும். வேலைக்கு அஞ்சி ஓடுவதாயின் தகாது. கடன்பட்டுச் செல்வதும், முதியவரைத் தனிமைப்படுத்திச் செல்வதும் தகா. செல்வதற்கேற்ற பருவத்தை இல்லேல் பள்ளியார் என்றோ அளந்து கொடுத்துள்ளனர். பிள்ளை நம் கையைப் பற்றிக்கொண்டு தன் கால்களால் நடக்கவும், கண்டதைக் கேட்டறியவும் தொடங்கிய பருவம் அது. அப்பருவம் நீண்டதன்று. அக்கரையில் விடை கூறக் காத்திருப்போர் காலமும் நீண்டதன்று. இவ்விரண்டு காலங்களும் ஒன்றையொன்று தொடும் சில ஆண்டுகளுக்குள், இயன்றோர் ஒருமுறையேனும் சென்று வருக.